மோப்பச் சீட்டு

பிப்ரவரி 11

மூன்றாம் எண் தோட்டத்தின் உரிமையாளர் அவர்களுக்கு,

தாங்கள் இம்மாதம் ஏழாம் தேதி அனுப்பிய உலர்ந்த சீமைச் சாமந்திப் பூ ஆறு மூட்டைகளும் வந்து சேர்ந்தன. கிடங்கு விதிப்படி மூன்று மூட்டைகளை மோந்து பார்த்து ஏற்றுக்கொண்டோம். மற்ற மூன்றில் பூவைப் பிளந்து பார்த்ததில், நூற்றுக்குப் பதினெட்டு ஊமைப்பூ. அவை நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. பார்வைக்குச் சீமைச் சாமந்தியாகவே இருந்து, மணமும் மருந்துக் குணமும் இல்லாத களை அது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மூட்டையிலும் "மோந்து பார்த்துக் கட்டியது" என்ற மோப்பச் சீட்டு தங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வராவிட்டால், கிடங்கின் பட்டியலிலிருந்து தங்கள் தோட்டம் நீக்கப்படும்.

இப்படிக்கு,
சரக்குப் பரிசோதகர்,
மருந்துப் பூக் கிடங்கு

சம்பந்தியம்மா, மேலே இருப்பது கிடங்குக் காகிதம். இனி எழுதுவது நான். உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து உங்கள் மூட்டையை நான் தொடுவதில்லை. இந்த முறை இன்னொரு பரிசோதகர் விடுப்பில் போனதால் என் மேஜைக்கு வந்துவிட்டது. மருமகள் நலம். ஐந்தாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்று பசி எடுக்கிறது. தலையணை உயரம் போதவில்லை என்கிறாள், இரண்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.


பிப்ரவரி 14

சம்பந்தியம்மா அவர்களுக்குத் தோட்டக்காரி எழுதுவது.

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். உங்கள் காகிதத்தைப் படித்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

விளக்கத்துக்குப் பதினைந்து நாள் எதற்கு? மூன்றே நாளில் தருகிறேன். இந்த மணல்மேட்டில் இருபத்தாறு வருஷமாகச் சீமைச் சாமந்தி போடுகிறேன். விதை மாவு மாதிரி இருக்கும். மணலோடு கலந்து தூவி, மேலே மண் தள்ளாமல் கையால் அமுக்கிவிடுவோம். மண்ணைப் போட்டு மூடினால் வெளிச்சம் படாமல் முளைக்காது. எரு போடமாட்டோம். கொழுத்த மண்ணில் செடி தழைத்துக்கொண்டே போகும், பூக்காது. பனி காய்ந்த பிறகு, இதழ்கள் மடங்காமல் படுக்கையாக நிற்கும் பூவை மட்டும் விளிம்பில் சீப்புப் பல் வைத்த பெட்டியால் வாரி எடுத்து, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒரு வாரம் காயவைக்கிறோம். விதை போட்டதிலிருந்து பூ எடுக்கும்வரை தினம் காலையில் வரப்பில் நடந்து, தழையைக் கசக்கி மோந்து, மணமில்லாத செடியைப் பிடுங்கி எறிகிறவள் நான். எனக்கு ஊமைப்பூ தெரியாது என்றால் மீனுக்குத் தண்ணீர் தெரியாது என்று அர்த்தம்.

பிளந்து பார்த்தீர்களாம். பூவின் நடுவில் உள்ள மஞ்சள் குமிழ் உள்ளே பொள்ளலாக இருந்தால் நல்லது, கெட்டியாக இருந்தால் ஊமை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். சம்பந்தியம்மா, சீமைச் சாமந்தி ஒரே வகை இல்லை. முழங்கால் உயரம் வளர்கிற நெட்டை வகைக்குத்தான் குமிழ் பொள்ளல். என் கிணற்றடியில் தரையோடு படர்ந்திருக்கும் படர் வகைக்குக் குமிழ் கெட்டி. வருஷம் தப்பாமல் தானே வரும். மிதித்தாலும் சாகாது, மிதிபட்ட இடத்தில்தான் இன்னும் அடர்த்தியாக வரும். அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறது.

சம்பந்தி என்று எனக்குச் சலுகை காட்ட வேண்டாம். பூவைப் பூவாகப் பார்த்தால் போதும்.

மகளுக்கு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். என் கையால் பொறுக்கியது. தூக்கம் வராவிட்டால் கொதித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, ஆவி போகாமல் மூடிவைத்து, வடிகட்டிக் கொடுங்கள்.

தோட்டக்காரி


பிப்ரவரி 18

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முதலில் பொட்டலம். திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இது வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வயிற்றுப் பொருமலுக்கும், புண் கழுவவும், சளிக்கு ஆவி பிடிக்கவும், தலைமுடி அலசவும் ஊருக்கெல்லாம் நாம் கொடுக்கலாம். நம் வீட்டுப் பிள்ளை வரும்வரை நம் வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது, படர் வகை. எனக்கும் தெரியும். அதன் பூவைப் பிரித்தால் மஞ்சள் துளிகளுக்கு நடுவே மெல்லிய செதில்கள் இருக்கும். காம்புக்கு ஒரு பூதான் பூக்கும். கசக்கினால் ஆப்பிள் மணம் வரும். நான் எடுத்த பூக்களில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் ஒரு செதில்கூட இல்லை. கேட்கிறவள் கேனச்சியாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுமாம். நான் இருபத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திருப்பி அனுப்புவதற்குமுன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். தொழில் புத்தி. உங்கள் மகளுக்கென்று உங்கள் கையால் பொறுக்கியதிலும் நான்கு ஊமைப்பூ இருந்தன. கிடங்கை நீங்கள் ஏமாற்றினாலும் ஏமாற்றலாம். பெற்ற பெண்ணை ஏமாற்றமாட்டீர்கள். அப்படியானால் உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது எங்கள் அடுப்பில் பால் தீய்ந்தது. மாடிவீட்டுக்காரர் "என்னங்க கருகுது?" என்று இறங்கி ஓடிவந்தார். நீங்கள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்கவே இல்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது கேட்கிறேன். உங்களுக்கு மணம் தெரிகிறதா?

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 21

அம்மா,

என் மூக்கு என் முகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மகளைத்தான் கொடுத்தேன், மூக்கைக் கொடுக்கவில்லை. அதை எடுத்து உங்கள் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைக்க வேண்டாம்.

பால் தீய்ந்தது உங்கள் அடுப்பில். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும் என்று இருந்தேன். சம்பந்தி வீட்டு அடுப்பில் கை வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம்.

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டுமா, எடுங்கள். இருபத்தாறு வருஷமாகப் பட்டியலா என் தோட்டத்தில் பூத்தது?

தோட்டக்காரி


மார்ச் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பதினைந்து நாள் கெடு முடிந்து நாலு நாள் ஆகிறது. பெயரை நீக்கியதாகக் காகிதம் வரவில்லை. உங்களிடமிருந்து பதில் கடிதமும் வரவில்லை. நீங்கள் இரண்டு வரி திட்டியிருந்தால் நான் நாலு வரி திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சும்மா இருந்து என்னைப் பேசவைத்துவிட்டீர்கள்.

எனக்கு மணம் தெரியவில்லை.

மழைக்காலத்தில் பத்து நாள் காய்ச்சல் வந்தது. எழுந்தபோது நாக்கில் உப்பும் புளிப்பும் தெரிந்தன, மணம் மட்டும் வரவில்லை. வந்துவிடும் என்றார் வைத்தியர். முதலில் நான் செடியைக் குற்றம் சொன்னேன். இந்த வருஷம் தழையே சரியில்லை என்று பறிக்கிற பெண்களிடம் சொன்னேன். அடுத்து சோப்பைக் குற்றம் சொன்னேன், பிறகு வெங்காயத்தை. உலகத்தில் எதற்குமே வாசனை இல்லாமல் போன பிறகுதான் குற்றம் எங்கே என்று தெரிந்தது.

அதற்குப் பிறகும் தினம் காலையில் ஏழு பெண்களும் பார்க்க வரப்பில் நடந்தேன். தழையைக் கசக்கினேன், மூக்கருகே கொண்டுபோனேன், தெரிந்தவள் போலத் தலையாட்டினேன். எதைப் பிடுங்கினேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது. நல்ல செடியையும் பிடுங்கியிருப்பேன். ஆறு சீட்டிலும் கொஞ்சமும் தயங்காமல் கையெழுத்துப் போட்டேன். அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வந்த அன்று மகளைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். பிறந்த அன்றிலிருந்து அவள் தலைக்கு ஒரு வாசனை உண்டு. அன்றைக்கு ஒன்றுமே இல்லை. யார் வீட்டுப் பெண்ணையோ பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. பிறக்கப்போகிற பேரப்பிள்ளையைத் தூக்கினாலும் இப்படித்தான் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. கையில் வெங்காயம் இருந்ததால் யாரும் என்னவென்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் உங்கள் பால் மட்டும் இல்லை, வீடே தீய்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அழுது முடித்துவிட்டேன். இனி தொழில் பேசுவோம். எங்கள் பெண்களில் ஒருத்திக்கு எறும்பு என்று பட்டப்பெயர். சர்க்கரையை எங்கே ஒளித்தாலும் மோந்தே கண்டுபிடித்துவிடுவாள். மூன்று நாளைக்கு முன்பு பூவைப் பிளந்து பிளந்து பிரித்து, நாலு பங்கு நல்ல பூவும் ஒரு பங்கு ஊமைப்பூவுமாக ஒரு மூட்டை கட்டினேன். இரண்டு நாள் வைத்திருந்து எறும்பைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "நல்லா கமகமன்னு இருக்குக்கா, அனுப்பிடலாம்" என்றாள். நல்ல பூவின் மணம் ஊமைப்பூவிலும் ஏறிவிடுகிறது. செடியை மோந்தால் சொல்லலாம். மூட்டையை மோந்து எந்த மூக்காலும் சொல்ல முடியாது.

நீங்கள் மோந்து பார்த்து ஏற்றுக்கொண்டீர்களே மூன்று மூட்டை, அதுவும் அதே பாத்தியில் பறித்ததுதான். பிளந்து பாருங்கள்.

தோட்டக்காரி

 


மார்ச் 6

அன்புள்ள சம்பந்தியம்மா,

பிளந்து பார்த்தேன். ஒரு மூட்டையில் நூற்றுக்கு இருபத்தொன்று ஊமைப்பூ, ஒன்றில் பதினாறு, ஒன்றில் பத்தொன்பது. மூன்றின்மேலும் என் முத்திரை இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு மூட்டையைப் பிளந்தால் போதும், மற்றதை மோந்தால் போதும் என்பது விதி. அதன்படிதான் செய்தேன். என் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெங்காயம் உரித்ததைப் படித்த இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பாலுக்காக உங்களைப் பற்றி என் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இனி ஒன்று சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். என் முத்திரை பட்ட மூன்று மூட்டையையும் ஈரம் பட்டதென்று எழுதிக் கழித்துவிடுகிறேன். நிறுத்திவைத்த மூன்றை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதுகிறேன். அடுத்த மூட்டைகளை நீங்கள் பிளந்து பார்த்துக் கட்டுங்கள். சீட்டில் மட்டும் எறும்பு மோந்ததாகக் கையெழுத்துப் போடட்டும். மூக்கு போனவள் என்று தெரிந்தால் எங்கள் கிடங்கு மேலாளர் அன்றைக்கே உங்கள் பெயரை அடித்துவிடுவார். ஏழு பெண்களுக்கும் வேலை போகும். யாருக்கும் தெரிய வேண்டாம், மருமகளுக்கும் தெரிய வேண்டாம்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு பத்தியை நான் எழுதியதில்லை. நீங்கள் எனக்கு என்ன உறவு என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 14

சம்பந்தியம்மா,

கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உங்கள் மனசு எனக்குத் தெரிந்துவிட்டது. அது போதும். நீங்கள் சொன்ன வழி வேண்டாம்.

மூக்கு போனது என் குற்றமில்லை. போனதை மறைத்தது என் குற்றம். மறைத்ததால்தான் ஊமைப்பூ என் பாத்தியில் பூத்து விதையும் உதிர்த்தது. இனி அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் குனிந்து குனிந்து பிடுங்க வேண்டும். இந்த ஒரு மறைப்பே போதும். எறும்பைக் கையெழுத்துப் போடச் சொன்னால் அவளும் பொய்க்காரி ஆவாள். மூட்டையை ஈரம் பட்டதென்று எழுதினால் நீங்களும் ஆவீர்கள். என் ஒரு மூக்குக்காக எத்தனை பேர் முகத்தைக் கெடுப்பது?

ஏழு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "எனக்கு மணம் தெரியாது, நாலு மாசமா உங்க முன்னாடி நடிச்சேன்" என்று சொன்னேன். ஒருத்தியும் மூக்கில் விரல் வைக்கவில்லை. எறும்புதான் வாய் திறந்தாள். "தெரியும்க்கா. கொட்டகையில எலி செத்துக் கெடந்த மூலையில உக்காந்து நீங்க நிம்மதியா சாப்பிட்டீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்." இவர்கள் முன்னால்தான் நான் தினம் காலையில் தலையாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

ஆளுக்கொரு சின்னக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். மோப்பம் கிடையாது. செடிக்கு ஒரு பூ கிள்ளு, நடுவில் பிள, குமிழ் பொள்ளலாக இருந்தால் விடு, கெட்டியாக இருந்தால் வேரோடு எடு. பூ எடுப்பது பாதி வேகத்தில்தான் நடக்கிறது. போன முறை ஆறு மூட்டை வந்த இடத்தில் இப்போது நாலு வந்திருக்கிறது. கிணற்றடிப் படர் வகையைத் தனியாகப் பறித்துத் தனியாக வைத்துவிட்டேன், இனி அதைச் சாக்குச் சொல்லமாட்டேன்.

நாலு மூட்டையும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. சீட்டைப் பாருங்கள். அச்சடித்திருந்த "மோந்து" என்ற வார்த்தையை அடித்துவிட்டுப் "பிளந்து" என்று எழுதியிருக்கிறேன். கீழே, "எனக்கு மணம் தெரியாது. செடிக்குச் செடி பிளந்து பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாலு சீட்டிலும் அப்படித்தான். உங்கள் மேலாளர் தள்ளுவதாக இருந்தால், பூவைப் பிளந்து பார்த்துவிட்டுத் தள்ளட்டும். சீட்டை மட்டும் பார்த்துத் தள்ளினால் கிடங்கு வாசலில் வந்து உட்காருவேன்.

எனக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, கத்தி இருக்கிறது. மூக்கு ஒன்று போனதற்காக மூலையில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன்.

தோட்டக்காரி

மகளிடம் நானே சொல்கிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.


மார்ச் 19

அக்கா,

இப்படிக் கூப்பிடுவது உங்களுக்குப் புதிதாக இருக்கும், எனக்கும்தான். எழுதியாகிவிட்டது, இனி அடிக்கமாட்டேன்.

நாலு மூட்டையிலும் நூறு நூறு பூ எடுத்துப் பிளந்தேன். மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஒன்றில் ஒரே ஒரு ஊமைப்பூ. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கிடங்கில் இவ்வளவு சுத்தமான சரக்கை நான் பார்த்ததில்லை.

மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் பூவைத் தொடவே இல்லை. சீட்டைப் படித்துவிட்டு, "மோந்துன்னு இருக்கணும்மா. அதை அடிச்சுட்டா செல்லாது. பூ எப்படி இருந்தா நமக்கென்ன?" என்றார். திருப்பி அனுப்பச் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாதி நடையில் நீங்கள் வரப்பில் தலையாட்டிக்கொண்டு நடந்ததாக எழுதியது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். அவர் எதிரிலேயே நாலு சீட்டிலும் உங்கள் கையெழுத்துக்குக் கீழே "நானும் பிளந்து பார்த்தேன்" என்று எழுதி முத்திரை குத்தினேன். நான் மோந்து பார்த்து ஏற்றுக்கொண்ட மூன்று மூட்டையின் கணக்கையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஈரம் பட்டதென்று எழுதவில்லை.

விசாரணை வைத்திருக்கிறார்கள். இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் உட்காருவார்கள். ஓய்வுபெற எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதற்குள் வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். "எதுக்கும்மா இந்த வயசுல வம்பு?" என்று என் மகன் கேட்டான். இந்த வயசுக்குமுன் செய்யாததால்தான் என்றேன்.

ஒரு காரியத்தில் உங்கள் பேச்சை மீறிவிட்டேன். மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. அவளாக வந்து, "அம்மா என் தலைய மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க அத்தை. நான் என்ன தப்பு பண்ணேன்னு அன்னைலேருந்து யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொன்னாள். அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "கொழந்தை பொறந்ததும் அம்மா கையிலதான் மொதல்ல குடுக்கணும். என்ன வாசனைன்னு நான் பக்கத்துல நின்னு சொல்றேன்" என்றாள். இதை நீங்கள் அவள் வாயால் கேட்க வேண்டும். அதற்காகவாவது விசாரணை நாளுக்கு வாருங்கள்.

வரும்போது ஒரு மூட்டை கொண்டுவாருங்கள். எறும்புக்குக் கட்டினீர்களே, அதே அளவில், நாலு பங்கு நல்ல பூ, ஒரு பங்கு ஊமைப்பூ, நன்றாகக் கலந்து இரண்டு நாள் வைத்தது. குழுவில் ஐந்து பேருக்கும் மூக்கு நன்றாக இருக்கிறது. முதலில் அவர்கள் மோந்து பார்க்கட்டும். பிறகு நாம் இருவரும் கத்தியை எடுப்போம்.

அந்த மூட்டைக்கு மட்டும் சீட்டில் எதையும் அடிக்காதீர்கள். "மோந்து பார்த்துக் கட்டியது" என்று அச்சடித்தபடியே இருக்கட்டும். கீழே ஐந்து கையெழுத்துக்கு இடம் விட்டுவையுங்கள்.

உங்கள் தங்கை